முன்சீட்டில் ஒரு ஜெனரல்

ஜவ்வாது மலையில் எந்தப் பதவிக்கும் தலைவணங்காத ஒரே மனிதன், ஊரார் காலிசீட்டு என்று கூப்பிடும் டிரைவர்தான். ஆப்பிரிக்கப் பதவி மட்டும் விதிவிலக்கு.

ஆலங்காயத்திலிருந்து மலைமேல் இருக்கும் நெல்லிவாசல் நாடு என்ற ஊருக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். பள்ளியில் என்னிடம் ஆங்கிலம் படித்து, அதில் தோற்றுப் பட்டாளத்தில் சேர்ந்தவன். பல நாட்டுப் படைகள் கூடிய அமைதிப்படையில் ஓர் ஆப்பிரிக்க ஜெனரலுக்கு வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பினான். ஜீப்பின் பின்னால் ஆடு, கோழி, சாமை மூட்டை, மூச்சு முட்டும் ஜனம். கம்பியில் நாலு பேர் தொங்குவார்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டு மட்டும் காலி. அது ஜெனரலுடையது.

"ஏம்பா, ஆப்பிரிக்காலேர்ந்து வர்றவருக்கு எங்க ஏறணும்னு தெரியுமா?" என்பாள் புளி வியாபாரம் செய்யும் முனியம்மா.

"ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுலதான். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

தேர்தலில் ஒரு வேட்பாளர் முன்சீட்டில் கால் வைத்தார். "பின்னாடி போங்க, ஆட்டைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி உக்காருங்க" என்றான். ஆட்டோடு வந்து இறங்கியவரை எளிமையின் சிகரம் என்று கொண்டாடினார்கள். ஜெயித்தும் விட்டார். அப்புறம் காரில்தான் வந்தார். அதுவும் ஒரே ஒரு முறை.

ஜீப் மலையேறும்போது, காலிசீட்டு சொல்லும் கதையில் ஜெனரலும் பதவி ஏறுவார். முதல் கொண்டை ஊசி வளைவில் லெப்டினன்ட். அடுத்ததில் கேப்டன். மேஜர் வளைவில் காலில் குண்டடி. ஜீப்பே ஒரு குலுக்கு குலுங்கும். கர்னல் வளைவில் இறங்கிவிடும் ஒரு விவசாயி, பல வருடம் அவர் கர்னலாகவே இருப்பதைப் பொறுக்காமல், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு உச்சி வரை வந்தார். ஜெனரல் ஆனதைக் காதால் கேட்டுவிட்டு நடந்தே கீழே போனார்.

பணி ஓய்வுக்குப் பின்னும் நான் மலையிலேயே தங்கிவிட்டேன். மாத்திரை வாங்க வாரம் ஒருமுறை ஆலங்காயம் போவேன். திரும்பும்போது, எம்.ஏ. படித்த என் முதுகு புளிமூட்டையில் சாய்ந்து வரும். எதிரே காலிச் சீட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகு வலிக்கிறது என்று கேட்டிருக்கலாம். கௌரவம் தடுத்தது. கைப்பேசியில் ஜெனரலின் பெயரைத் தேடினேன். கிடைத்தது.

அன்று, ஜீப் முதல் வளைவை எட்டுவதற்குள், சத்தமாகத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. ஜெனரலை ஒரே வரி உத்தரவில் பதவி நீக்கி, வீட்டுக்காவலில் வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் அவரை இறக்க ஓர் அரசாங்கமே கவிழ வேண்டியிருந்தது. இங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போதுமாக இருந்தது.

ஜீப் நின்றது. காலிசீட்டு இறங்கி வந்து, முன்சீட்டைத் துண்டால் துடைத்தான்.

"முதுகு வலின்னு முன்னாடியே சொல்லி இருக்கலாமே சார். அதுக்கு அவர எறக்கணுமா?"

உட்கார்ந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, சீட்டு சுகமாகத்தான் இருந்தது. ஆனால் வளைவுகள் வெறும் வளைவுகளாகப் போயின. லெப்டினன்ட் இல்லை, கேப்டன் இல்லை. மேஜர் வளைவில் வண்டி குலுங்கவில்லை.

"இன்னா சார், முதுகு நேராச்சா?" என்றாள் பின்னாலிருந்து முனியம்மா.

உச்சியில் இறங்கும்போது அவனே பேசினான். "மத்த ஆபீசருங்க பின்னாடிதான் உக்காருவாங்க சார். இவரு எம் பக்கத்துல உக்காருவாரு. வூட்டு நெனப்புல ஒருநாள் அழுதேன். ஒண்ணும் கேக்கல. ரொட்டியப் பிச்சி பாதிய எங்கிட்ட நீட்டுனாரு."

அடுத்த வாரம் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். நான் பின்னால் ஏறினேன். முதல் வளைவு வந்தது. ஜீப்பில் ஆடு மட்டும் பேசியது. வேறு வழி தெரியாமல் கேட்டேன்:

"ஏம்பா, இங்கதானே அவர் கேப்டன் ஆனாரு?"

வளைவில் வண்டியைத் திருப்பி முடித்த பிறகு சொன்னான்.

"கேப்டன் அடுத்த வளைவு சார். இது லெப்டினன்ட்டு. எத்தினி தபா சொல்றது!"

மேஜர் வளைவில் ஜீப் குலுங்கியது. என் முதுகு விண்ணென்றது. உச்சியில் முனியம்மா கேட்டாள்: "இப்ப எங்கப்பா இருக்காரு?"

"வூட்ல ரெஸ்ட்டு எடுக்கறாரு. வந்துருவாரு."

இப்போதும் பின்னால்தான் உட்காருகிறேன். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் உயரமாக யாராவது, ஒரு காலைச் சற்று இழுத்தபடி நிமிர்ந்து நடந்து வந்தால், காலிசீட்டுக்கு முன்பே எட்டிப் பார்ப்பவன் நான்தான்.