சிங்கத்தின் பெயரில் ஒரு கோள்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஆண்டு வந்தது. ஆட்சியைவிடத் தன் பிறந்தநாளில்தான் அதற்கு அக்கறை அதிகம். அருவி, மலை, குட்டை எல்லாவற்றுக்கும் தன் பெயரையே வைத்தாயிற்று. தரையில் இனி எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சமயம் பார்த்து, இலுப்பை மரத்து உச்சியில் குட்டிகளோடும் ஒரு தொலைநோக்கியோடும் குடியிருந்த தேவாங்கு, தூரத்து நட்சத்திரம் ஒன்றை ஏதோ பெரிய உருண்டை சுற்றுவதைக் கண்டுபிடித்தது. "கோள்! அதற்கு நம் பெயர்!" என்று சிங்கம் உடனே தண்டோரா போட்டுவிட்டது.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் தேவாங்கு தூக்கக் கண்ணோடு சபைக்கு வந்தது.

"மன்னிக்கணும் மகாராஜா. அது இழுக்குற இழுப்புல நட்சத்திரம் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்துத்தான் எடை போடுவோம். பாதை சாய்ஞ்சு கெடந்ததால ஆட்டம் கம்மியா தெரிஞ்சிருக்கு. சரியா போட்டா பதிமூணு வியாழன் கோளோட எடையைத் தாண்டுது. அவ்வளவு கனம்னா உள்ளுக்குள்ள கொஞ்சம் எரியும். கோள் அப்படி எரியாது. இது நட்சத்திரமா ஆகப் பார்த்து முடியாமப் போனது. பேரு பழுப்புக் குள்ளன்."

"குள்ளனா! என் பேர்லயா! எடை கூடினா மரியாதையும் கூட வேண்டாமா? நாளைக்குள்ள அது கோளா இருக்கணும். இல்லேன்னா மரத்தைக் காலி பண்ணு!"

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு தேவாங்கு எங்கே போகும்?

"எடையை விடுங்க, பிறந்த விதத்தைப் பாருங்கன்னு சொல்றவங்களும் உண்டுங்க" என்று இழுத்தது. "நட்சத்திரத்தைச் சுத்தியிருக்குற தூசு தும்பு சேர்ந்து வளர்ந்திருந்தா கோள். வாயு மேகம் தானா சுருங்கிப் பிறந்திருந்தா குள்ளன். ஆனா பிறந்ததை யாரு பார்த்தா?"

"இதுக்கா கவலை?" என்றது மந்திரி நரி. "பிறப்புச் சான்றிதழ் வாங்கிட்டா போச்சு!"

காட்டு அலுவலகத்துக் காக்கை ஒரு துண்டு கருவாட்டை வாங்கிக்கொண்டு, 'தூசியில் பிறந்த கோள்' என்று முத்திரை குத்தியது. சிங்கம் குஷியில் சட்டமே போட்டுவிட்டது: இனி இந்தக் காட்டில் யார் எது என்பதைச் சான்றிதழ்தான் முடிவு செய்யும். பிறந்தநாள் விருந்து அமர்க்களப்பட்டது.

மறுநாள் காலையில் அரியணையில் நரி உட்கார்ந்திருந்தது. கையில் சான்றிதழ்: 'பிறப்பால் சிங்கம்.' காக்கையின் வாயில் இன்னும் கருவாட்டு வாசனை.

"டேய், நான்தான்டா சிங்கம்!"

"சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டது நரி.

இல்லை. குகையில் பிறந்தவனுக்கு யார் அதெல்லாம் வாங்கி வைத்தார்கள்? சிங்கம் இலுப்பை மரத்தடிக்கு ஓடியது.

"தேவாங்கம்மா, எடை போடத் தெரிஞ்சது நீ ஒருத்திதான். நான் சிங்கம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா!"

தேவாங்கு தூங்கும் குட்டிகளைப் பார்த்தது. பிறகு சிங்கத்தைப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது.

"எடையெல்லாம் சரியாத்தான் இருக்குங்க. ஆனா எடை செல்லாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே? இப்போதைக்குப் பெரிய பூனைன்னு எழுதிக்கிறேன்."

நீதி: சிங்கமாகப் பிறந்தால் மட்டும் போதாது, பிறந்த அன்றே காக்கைக்குக் கருவாடு கொடுத்திருக்க வேண்டும்.