இருபத்தொண்ணு நானா

இந்த மலேசியாவில் நமக்கென்று ஒரு பாராளுமன்றம் எழும்புவதற்கு முன்பே புகையிலைக்குச் சட்டம் போட்டு, அதைத் தன்னந்தனியாக நடத்தியும் காட்டியவர் ஒரே ஒருவர்தான். கோலா சிலாங்கூரிலிருந்து வரும் பெரிய சாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் அவர் மளிகைக்கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் எதிலிருந்தோ கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம். அவருடைய வாப்பா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் எவருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் 'இருபத்தொண்ணு நானா'. நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன்.

அவர் நினைவு இப்போது வந்ததற்கு ஒரு மாம்பழ வாசனை காரணம். போன வாரம் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து கமகமவென்று வாசனை வந்தது. யாரோ பழம் நறுக்குகிறார்கள் என்று ஆசையோடு திரும்பினால், மீசை அரும்பாத ஒரு பிள்ளை பேனா மாதிரி ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சி, பழைய ரயில் எஞ்சின் மாதிரி புகை விடுகிறான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசையில் நாலு பேர், நாலு பேனா, நாலு விதப் பழவாசனை. எதையும் எண்ணிவிடுவது என் வியாதி. தொண்ணூறை நெருங்கியும் குணமாகவில்லை.

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால் அதிலும் இதே கதை. சிகரெட்டும் மின்சிகரெட் என்கிற இந்தப் பழப்புகையும் வாங்கும் வயதை இருபத்தொன்றாக உயர்த்தலாமா என்று விவாதம். உயர்த்து என்கிறார் ஒருவர். உயர்த்தினால் பிள்ளைகள் வேறு வழியில் வாங்குவார்கள் என்கிறார் இன்னொருவர். புதிதாகக் கண்டுபிடித்தது போல் இருவரும் பேசுகிறார்கள். இரண்டு பேச்சும் நானாவின் கடை வாசலில் என் வாலிபத்திலேயே நடந்து முடிந்தவை.

அது மலாயாவின் அவசரகாலம், ஐம்பதுகளின் நடுப்பகுதி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ராணுவ லோரிகள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களின் சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் கேட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி காட்டுக்குப் போய்விடக் கூடாது என்று கெடுபிடி. பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் படம் ஒட்டி, கைரேகை வைத்த அடையாளக் கார்டு. நான் தோட்ட ஆபீசில் சின்ன கிராணி, அதுதான் குமாஸ்தா. அதாவது பெரிய கிராணி வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும் உத்தியோகம்.

அந்தச் சமயத்தில்தான், தேர்தல் வரப்போகிறது, ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும் என்ற செய்தி கடைக்கு வந்து சேர்ந்தது. நானா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் காலை அறிவித்தார்:

"தாளுல ஒரு பெருக்கல் குறி போடுறதுக்கே இருபத்தொண்ணு வேணும்கிறான் வெள்ளைக்காரன். நெஞ்சுக்குள்ள நெருப்பு வைக்கிறதுக்கு அதைவிடக் கொறைஞ்சா வச்சுக்க முடியும்? இன்னையிலேருந்து இருபத்தொண்ணுக்குக் கீழ எவனுக்கும் சிகரெட்டும் இல்ல, சுருட்டும் இல்ல, பொகையிலையும் இல்ல."

இதைச் சொன்னபோது அவர் வாயில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது.

"நீங்க எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க நானா?" என்று கேட்டேன்.

"பத்து வயசுல. அதனாலதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இருமத் தொடங்கினார். அந்த இருமல் முடிவதற்குள் நான் உப்பும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டில்தான் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் தோட்டத்துக் கார்டை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். பெரியாள் என்று பேரேட்டில் பேர் விழுந்தால்தான் முழுச் சம்பளம். அதனால் கார்டுக்குப் பதியும்போது பெற்றவர்கள் பிள்ளைக்கு மூன்று நான்கு வயதைத் தாராளமாகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் கார்டுப்படி தாய்க்கும் மூத்த மகனுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். அதைப் பார்த்து நான் அதிர்ந்து போனேன். அந்தத் தாய் அதிரவில்லை.

அதனால் நானா கார்டைத் தொட மாட்டார். ஜப்பான்காரன் இங்கே படையெடுத்து வந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது; இருபத்தொண்ணு ஆனவனுக்கு அப்போது எட்டு வயது, எல்லாம் நினைவிருக்கும் என்பது அவர் கணக்கு. கேள்வி ஒன்றுதான்: "ஜப்பான்காரன் வந்தப்ப நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?"

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ராமையாவின் மகன் செல்லையா இந்தப் பரீட்சைக்கு நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு இருக்கும்.

"ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தான் நானா. நான் ரோட்டோரமா நின்னு பார்த்தேன் லா."

"எந்தப் பக்கமிருந்து வந்தான்?"

"டவுன் பக்கமிருந்து."

"தலையில என்ன போட்டிருந்தான்?"

"துணித் தொப்பி. பின்னால வால் மாதிரி தொங்கும்."

"ம். நீ என்ன போட்டிருந்தே?"

"நான் ஒண்ணும் போடல நானா" என்று உண்மையைச் சொல்லிவிட்டான் செல்லையா.

"அம்மணமா நின்ன பயலுக்குச் சிகரெட்டா! ஓடுறா!"

கடையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். செல்லையா ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கோயில் பூசாரி கதை இதைவிட மோசம். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஆனால் ஜப்பான்காரன் வந்தபோது அவர் இந்தியாவில் இருந்தார். சண்டை முடிந்து வந்தவர்.

"பார்க்கலியா? அப்ப எனக்கு எப்படித் தெரியும்? சாட்சி கொண்டா" என்றார் நானா.

"நானா, எனக்குப் பொண்ணு சமைஞ்சு வீட்டுல உட்கார்ந்திருக்கு!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சாமி."

பூசாரி மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருக்கு இன்னும் வயசு வரல நானா, குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெல்லம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கோயில் பூசாரிக்கு நடுக்கடையில் இப்படியும் நடக்குமா!

பையன்கள் புகைப்பதை விட்டுவிட்டார்களா? எங்கே விட்டார்கள்! பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கிவந்தார்கள். இதை நானாவிடம் சொன்னேன். இன்று பத்திரிகையில் பேசுகிறவர் சொல்கிற அதே வாதம்.

"தெரியும் கிராணித் தம்பி" என்றார். "பஸ்ஸுக்குக் காசு வேணும்ல? கேட்டுல போலீஸ் தடவிப் பார்ப்பான்ல? தெனம் பத்து ஊதுறவன் மூணு ஊதுவான். ஏழு மிச்சம். அது போதும் எனக்கு."

கணக்கில் புலி என்று பெயர் வாங்கிய நான் வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஏழுதான் வந்தது.

தொல்லை வேறு வழியில் வந்தது. கிள்ளானிலிருந்து சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, அரிசியும் சீனியும் வேண்டுமானால் சிகரெட்டும் இத்தனை பெட்டி எடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவன். அரிசி இல்லாமல் மளிகைக்கடை ஏது? நானா எடுத்தார். பெரியவர்கள் சுருட்டுக்காரர்கள், சிகரெட் கேட்பது இளவட்டம்தான்; அவர்களுக்கு அவர் விற்கவில்லை. கடையின் பின்னறையில் சிகரெட் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் போலீஸில் சேர்ந்திருந்தான் தங்கராசு. பத்தொன்பது வயது. தோளில் துப்பாக்கியோடு கடைக்கு வந்து சிகரெட் கேட்டான்.

"ஜப்பான்காரன் வந்தப்ப..." என்று ஆரம்பித்தார் நானா.

"நானா, என் கையில துப்பாக்கி இருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் வாப்பா. சுடுறதுக்கு சர்க்கார் உனக்கு அனுமதி குடுத்திருக்கு. ஊதுறதுக்கு நான் குடுக்கல."

மறுபடியும் பெண்கள் சிரித்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். பயந்தது சரியாகத்தான் போயிற்று. தங்கராசு நேரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னான்: முச்சந்திக் கடையில் சிகரெட் மலையாகக் குவிந்து கிடக்கிறது, வருகிறவர்களுக்கு விற்பதில்லை, யாருக்காகவோ பதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் 'யாருக்காகவோ' என்றால் காட்டில் இருப்பவர்களுக்கு என்றுதான் பொருள். அதற்குத் தடுப்புமுகாம். அதன் பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது வருஷமாக இங்கே உப்பு விற்றவர், திரும்பிப் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஒரு சம்பள நாள் சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், போலீஸ் லோரி வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். பெட்டிகளை வெளியே எடுத்து அடுக்கினார்கள். அறுபத்து மூன்று. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏன் விற்கவில்லை?" என்றார் அதிகாரி.

"சின்னப் பிள்ளைங்களுக்கு விக்கிறதில்ல துரை" என்றார் நானா. சொன்னேன்.

"அப்படி எந்தச் சட்டமும் இல்லையே?"

"துரை மறந்துட்டாரு. நான் போட்டுட்டேன்."

இதை நான் கொஞ்சம் பணிவாக்கி மொழிபெயர்த்தேன். அதிகாரி நம்பவில்லை. வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை அவர் எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். அவர் கேட்டது நியாயம்தான்: "யாரைத் திருப்பி அனுப்பினாய்? ஒருவனைக் காட்டு, போதும்."

கூட்டத்தில் எல்லாப் பையன்களும் நின்றார்கள். பக்கத்திலேயே அவரவர் அப்பாக்களும் நின்றார்கள். அப்பன் கண்ணில் படாமல் இருக்க ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஊதுகிற காலம் அது. மகன் சிகரெட் கேட்டான் என்று தெரிந்தால் இடுப்பு வார் அவிழும். நானா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். செல்லையா மேல் கண் போயிற்று. அவன் அப்பா ராமையா மண்டோர் மேலும் போயிற்று.

"ஞாபகம் இல்ல துரை" என்றார்.

நான் திடுக்கிட்டேன். தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜப்பான்காரன் வந்தபோது எத்தனை பல் இருந்தது என்று சொல்லக்கூடிய மனிதர்!

"நானா, ஒரு பேராச்சும் சொல்லுங்க, லோரியில ஏத்திடுவாங்க" என்றேன் தமிழில்.

"சும்மா இரு கிராணித் தம்பி. எனக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லு."

சொன்னேன். அதிகாரி கையசைத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் நானாவின் தோளைப் பிடித்தார்கள். ஒரு கால் லோரியின் படியில் ஏறிவிட்டது.

"நான்தான் சார்!" என்று ஒரு குரல் கீச்சிட்டது. செல்லையா. "என்னையத் திருப்பி அனுப்புனாரு. ஜப்பான்காரன் வந்தப்ப அம்மணமா இருந்தேன்னு சொல்லிட்டேன் சார்."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொன்னேன். அதிகாரி என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"அடப்பாவி!" என்று மண்டோர் அலறினார்.

"பொய் துரை!" என்று அதைவிடப் பெரிதாக அலறியவர் நானா. "இவன் தங்கமான பய! சிகரெட்டுன்னா என்னன்னே தெரியாது!"

"கேட்டேன் சார். ரெண்டு தடவை கேட்டேன்."

"நானும் கேட்டேன்" என்று இன்னொருவன் வந்தான். பிறகு இன்னொருவன். ஒவ்வொருவனுக்கும் பின்னால் ஓர் அப்பனின் குரல் எழும்பியது. ஒவ்வொருவனையும் பார்த்து நானா, "பொய்! இவனும் பொய்!" என்று படியில் ஒரு காலை வைத்தபடியே கத்தினார். தன்னைக் காப்பாற்ற வந்த சாட்சிகளை எதிர்த்து வாதாடிய குற்றவாளியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டாவதாகப் பூசாரி வந்து நின்றுகொண்டார்.

அதிகாரி வரிசையைப் பார்த்தார். பிறகு தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தார். "நீ?"

தங்கராசு துப்பாக்கியைக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "நானும்தான் சார். கோபத்துல சொல்லிட்டேன்" என்றான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவுவது போல் வாயை மறைத்துக்கொண்டார். லோரி கிளம்பிப் போயிற்று. நானா இல்லாமல்.

லோரி மறைந்ததும் இடுப்பு வார்கள் அவிழ்ந்தன. நானா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பையன்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்த அப்பனாவது இதுங்க மேல கை வச்சா, அவனுக்கு இந்தக் கடையில இனிமே சுருட்டு கிடையாது. வெத்தலைக்குப் போடுற பொகையிலைகூடக் கிடையாது. மண்டோரே, உமக்கும் சேர்த்துத்தான்."

ராமையா மண்டோர் வாரைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். டவுன் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். வார் மெதுவாக இடுப்புக்கே திரும்பியது. மற்ற வார்களும் திரும்பின.

கூட்டம் கலைந்தது. நானா அந்த அறுபத்து மூன்று பெட்டிகளுக்கு நடுவில், ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சுருட்டை எடுத்து வாயில் வைத்தார். தீக்குச்சி பற்றவில்லை. இரண்டாவது குச்சி ஒடிந்தது. மூன்றாவது குச்சியோடு தீப்பெட்டியும் கீழே விழுந்தது. செல்லையா குனிந்து அதை எடுத்தான். ஒரே உரசலில் பற்றவைத்து, காற்றுப் படாமல் கை குவித்து நீட்டினான். அவன் தேர்ச்சியைப் பார்த்தே அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. நானா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். புகையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவன் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்.

"தள்ளி நில்லுடா. பொகை படும்."

செல்லையா நகரவில்லை. நானாதான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்ல ஊதினார்.