பூதக்கண்ணாடி அக்காவும் ஈரச்சாக்கும்

முகத்தைப் பார்த்துக் கதைக்காத ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து, நாடியைத் தூக்கி, "என்னைப் பார், பார்த்துச் சொல்லு" என்று பழக்குவது நல்லதா, கூடாதா? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடு நடமாடுகிறேன். என் மகளுக்கு வருகிற தையோடு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. கோயில் மேளம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிடுகிறாள். போய்ப் பார்த்தபோது தலைமை ஆசிரியை சொன்னார்: "இப்பவே முறிச்சு எடுக்காட்டி பிறகு கஷ்டம், பிள்ளை."

அந்தச் சொல் என் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. ஏனென்றால், நான் ஒருமுறை ஒருவரை முறித்தெடுக்கப் பார்த்தவள். அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வவுனியாவிலிருந்து பளை வரைக்கும் இருக்கிற அத்தனை பேரின் கண்களையும் தராசின் ஒரு தட்டில் போட்டு, பூதக்கண்ணாடி அக்காவின் இரண்டு கண்களை மறு தட்டில் வைத்தால், அக்காவின் தட்டுத்தான் தாழும். இதை நான் சத்தியம் பண்ணியே சொல்லுவேன்.

கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் நான் கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அரசாங்க விதைநெல் களஞ்சியத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு, மாரிமழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு விதை கொடுக்கும் இடம் அது. எங்கள் அப்பாவும் அப்படி மூன்று ஏக்கர் காணி கிடைத்து வந்தவர்தான்.

வெயில் ஏறினால் அந்தக் களஞ்சியம் கனவுக்குள் போய்விடும். ஓட்டு இடுக்குகளால் விழும் வெளிச்சத்தில் நெல் தூசி மெல்ல மிதக்கும். வெளியே வாய்க்கால் தண்ணீர் தன்பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு போகும். அடுக்கிய சாக்குகளின் மேல் புறாக்கள் குமுறும். என் தட்டெழுத்து இயந்திரம்கூட இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை கொட்டாவி விடும். அந்த மயக்கத்துக்குள் விழித்திருக்கும் ஒரே ஆள் பூதக்கண்ணாடி அக்கா. வடக்கு யன்னலடியில் ஒரு சுளகு நெல்லை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி இருப்பார். வயது முப்பத்தைந்து இருக்கும். வருடம் முழுக்க ஒரே நீலச் சேலை. பாவம், வேறு சேலை இல்லையாக்கும் என்று நான் பரிதாபப்பட்டிருந்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது கொடியில் அச்சு மாறாமல் அதே மாதிரி ஐந்து நீலச் சேலைகள் காய்ந்தன.

விதையில் கலப்பு இருக்கிறதா, விதை முளைக்குமா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அப்போது எச் நாலு என்ற புது நெல் வந்திருந்த காலம். அதற்குள் பழைய பச்சைப்பெருமாள் ஒரு மணி கிடந்தாலும் அவர் விரல் அதில் போய் நிற்கும். காவலாளி சின்னையா அண்ணைக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சுளகுக்குள் ஐந்து பச்சைப்பெருமாளைப் போட்டுக் கிளறிவிட்டார். அக்கா திரும்பி வந்து இருந்தார். சிறிது நேரத்தில் எழும்பிப்போய், சின்னையா அண்ணையின் முன்னால் ஆறு நெல்லை வரிசையாக வைத்தார்.

"நான் அஞ்சுதானே போட்டனான்!" என்று அண்ணை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஆறாவது நீங்கள் போன கிழமை போட்டது."

போன கிழமை தான் பூதக்கண்ணாடியை ஏமாற்றிப் போட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர் அவர். "அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே."

இன்னொரு முறை களஞ்சியத்துக்கு வெள்ளையடித்தபோது அவருடைய மேசையைத் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். காலையில் வந்த அக்கா கதிரையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் போட்டு, மேசை இருந்த வெறுமையைப் பார்த்தபடி இருந்தார். மத்தியானம் வரை இருந்தார். கடைசியில் மேசைதான் தோற்றுப்போய் அவரிடம் திரும்பி வந்தது.

எங்கள் மனேச்சர் ஐயாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. விதை வாங்க வருகிற ஆட்களை அக்கா நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று முறைப்பாடு. "சனத்தோடை பழகத் தெரியாத ஆளை வைச்சிருந்து நான் என்ன செய்யிறது, பிள்ளை? உப்பிடியே போனா வீட்டை அனுப்பிப்போடுவன்" என்று என்னிடம் சொன்னார். அக்கா தமையன் வீட்டில் இருந்தவர். அந்த வீட்டில் அவருக்கு ஒரு மூலையும் மரியாதையும் இருந்தது அந்த வேலையால்தான். வேலை போனால் அவர் அங்கே வெறும் 'ஒரு மாதிரியான ஆள்'.

ஆகவே நான் அவரைத் திருத்தப் புறப்பட்டேன். முதல் பாடம், ஆட்கள் வந்தால் வரவேற்பது. "வாங்கோ, இருங்கோ, வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று சொல்லிக்கொடுத்தேன். அக்கா ஒரே நாளில் பாடமாக்கிவிட்டார். மறுநாள், கடனாக வாங்கிய விதையைத் திருப்பிக் கொடுக்க, தலையில் நெல் மூட்டையோடு ஒருவர் வாசலில் கால் வைத்தார்.

"வாங்கோ, இருங்கோ, வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

"ஓம், ஓம்" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"எல்லாருமோ?" அக்கா வழியை விடவில்லை.

"மனுசிக்கு முழங்கால் நோ... கடைக்குட்டிக்குச் சளி... ஐயோ தங்கச்சி, மூட்டையை இறக்க விடணை!"

பின்னால் இன்னும் நான்கு மூட்டைகள் காத்து நின்றன. அன்றைக்கு அந்த வாய்க்கால் கரையில் குடியிருந்த முழுப்பேரின் சுகதுக்கமும் களஞ்சிய வாசலில் வைத்து விசாரிக்கப்பட்டது.

இந்த நேரத்தில்தான் விதை வழங்கும் விழா வந்தது. யாழ்ப்பாணத்துத் தலைமைக் கந்தோரிலிருந்து மேலதிகாரியான பெரிய ஐயா ஒருவர் வந்து, சுபநேரத்தில் முதல் கொத்து நெல்லைத் தன் கையால் அளந்து கொடுப்பதாக ஏற்பாடு. விழாவுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு லொறி எச் நாலு வந்து இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகான நெல்.

ஒவ்வொரு லொறியிலும் நூறு நெல்லை எடுத்து, ஈரச்சாக்கில் வைத்துச் சுருட்டி, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் விதை கொடுக்க வேண்டும் என்று சுவரில் ஒரு சட்டம் தொங்கியது. அதை வாசித்திருந்தவர் அக்கா ஒருவர்தான். வந்த அன்றே பத்துப் பத்தாக அடுக்கிச் சுருட்டிவிட்டார். மூன்று நாள் கழித்து விரித்துப் பார்த்துவிட்டு மனேச்சரிடம் போய், "ஏழு" என்றார்.

"என்ன ஏழு?"

"நூறிலை ஏழுதான் முளைச்சிருக்கு."

"முளைக்கும், முளைக்கும். மழைக்குளிருக்கு நெல்லும் சோம்பல்படும். போய் வேலையைப் பாரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாளைக்குப் பெரிய ஐயா ஏதும் கேட்டா 'நல்லது ஐயா' எண்டு மட்டும் சொல்ல அவாவுக்குப் படிப்பியும். வேறை ஏதும் வாயைத் திறந்தா, நாளையோடை சரி."

அந்த ஈரச்சாக்கை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பெரியவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவை வைத்து அன்று பின்னேரம் முழுக்கப் படிப்பித்தேன். "நல்லது ஐயா. எங்கை சொல்லுங்கோ அக்கா." "நல்லது ஐயா." "சிரிச்சுக்கொண்டு." அக்கா பல்லைக் காட்டினார். போதும் என்று விட்டேன்.

விழா நாள் களஞ்சியத்துக்குள்ளேயே மேளம் வைத்துவிட்டார்கள். தகரக் கதவெல்லாம் அதிர்ந்தது. நிறைகுடம், மாவிலை, மஞ்சள் துணி கட்டிய முதல் சாக்கு. வரிசையில் முன்னுக்கு வெள்ளை வேட்டியோடு வெறும் சாக்கை ஏந்திக்கொண்டு நின்றவர் எங்கள் அப்பா. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"கையை எடுங்கோ அக்கா, எல்லாரும் பாக்கினம்" என்று நான் அவருடைய கைகளைப் பிடித்து இறக்கிவிட்டேன். பனியில் கிடந்த கைகள் போலக் குளிர்ந்திருந்தன. அந்தக் குளிர் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

பெரிய ஐயா சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். "விதை எப்பிடி? நல்லதோ?"

அக்கா நெல்லைப் பார்த்தார். பிறகு, அந்த இரண்டு வருடத்தில் முதல் முறையாக, நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லது ஐயா எண்டு சொல்லச் சொல்லி இந்தத் தங்கச்சி படிப்பிச்சவா. நானும் பாடமாக்கினனான். ஆனா இது முளைக்காது."

மேளகாரர் தாமாகவே நிறுத்திவிட்டார். மனேச்சர் ஐயா வாயிலிருந்த வெற்றிலையை மென்றும் மெல்லாமலும், "அவா ஒரு மாதிரி, ஐயா. தலை சரியில்லை" என்றார்.

"தலை கிடக்கட்டும். நெல்லு எப்பிடி?"

அக்கா போய் இரண்டு ஈரச்சாக்குச் சுருள்களோடு வந்து, நிறைகுடத்துக்குப் பக்கத்திலேயே விரித்தார். முதலாவதில் தொண்ணூற்று மூன்று நெல் கல்லுக் கிடந்தமாதிரிக் கிடந்தது. ஏழில் மட்டும் வெள்ளை நூல். மற்றது பின்சுவரோடு இருந்த பழைய அடுக்கில் எடுத்ததாம்; அதில் சாக்கே தெரியாமல் வெள்ளை முளை புல்லாய் நின்றது. வழியில் நனைந்த லொறி நெல்லை யாரோ அவசரமாகச் சூடுகாட்டிக் காயவைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. வெளியில் அழகு, உள்ளே உயிர் இல்லை.

அப்பா இரண்டையும் பார்த்தார். தன் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

சுபநேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. பெரிய ஐயா உட்பட ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்ட, எல்லோருமாய்ப் பின்சுவரிலிருந்து சாக்கு இழுத்தோம். மனேச்சர் ஐயா இரண்டு சாக்கு இழுத்தார். முதல் கொத்து நேரத்துக்கு விழுந்தது. வியர்வையைத் துடைத்தபடி பெரிய ஐயா அக்காவிடம் வந்தார்.

"உமக்கு என்ன வேணும், கேளும்."

பதவி கேட்பார், இடமாற்றம் கேட்பார் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"மேளத்தை வெளியிலை வைச்சு அடிக்கச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்தக் காலபோகம் வாய்க்காலின் இரண்டு பக்கமும் பச்சை அலை அடித்தது. அப்பா வரம்பில் நின்று அதைப் பார்த்தபடி, "அந்த மனுசி நீ சொன்னதை மட்டும் கேட்டிருந்தா..." என்று தொடங்கி, குனிந்து வரம்பில் ஒரு புல்லைப் பிடுங்கினார்.

நான் அக்காவிடம் போனேன். "என்னிலை கோவமோ அக்கா? நான் பிழையாப் படிப்பிச்சிட்டன்."

"ஓம், பிழை" என்றார், சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த நெல்லை விரலால் தள்ளிக்கொண்டு, "'வாங்கோ, இருங்கோ' பிழையில்லை. அது எனக்கு உதவுது. சனம் இப்ப என்னோடை கதைக்குது" என்றார்.

இதுதான் என்னைக் குழப்புகிறது. நான் படிப்பித்ததில் ஒன்று உதவியது, மற்றது ஊரைக் கெடுக்கப் பார்த்தது. இரண்டையும் நான் ஒரே அக்கறையோடுதான் செய்தேன்.

என் மகளைப் பற்றிப் போன மாதம் அக்காவுக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மாமி வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது, அங்கே மேளத்துக்குப் பிள்ளை கத்தியது, பள்ளிக்கூடத்தில் சொன்னது, எல்லாம் எழுதினேன். பதில் ஒரு தபாலட்டையில் வந்தது: "பிள்ளை புளியங்கொட்டை அடுக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர். அளவு பார்த்தா, நிறம் பார்த்தா?"

எல்லோரும் என் பிள்ளை எதைச் செய்யவில்லை என்று கேட்டார்கள். அவள் செய்வதைப் பற்றிக் கேட்டவர் அக்கா ஒருவர்தான். மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்து பார்த்தேன். நிறம். கறுப்பிலிருந்து மண்ணிறம் வரைக்கும், நான் கண்டிராத எத்தனையோ படிகள். பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு மயக்கம் வந்தது.

இதை வாசிக்கிற தாய்மாரே, ஆசிரியர்மாரே, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்களே, எனக்கு எழுதுங்கள். எதைப் பழக்க வேண்டும்? எதைத் தொடாமல் விடவேண்டும்? வகுப்பில் மணி அடிக்கும்போது அவள் காதைப் பொத்தினால், கையை எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்கலாமா, கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமா? தை பிறக்க அதிக நாள் இல்லை. அவளை இப்போது இருக்கிறபடியே எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது சரிதானா என்பதையும் யாராவது எழுதுங்கள்.