ஜாடிக்கு எத்தனை சதவீதம்?

ஊருக்கு ஒரு வரி நிபுணர் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறார். அவரைத் தேடிப்போக வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கடை திறந்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் அவரே வந்து நிற்பார். அவர் வரி கட்டுகிறவர் அல்ல, வாங்குகிறவரும் அல்ல, வரி ஆபீஸ் வாசற்படியை மிதித்தவர்கூட அல்ல. ஆனால் விற்பனை வரி என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுல ஒரு நுணுக்கம் இருக்குது" என்று ஆரம்பித்துவிடுவார். தொலைந்தீர்கள்.

விருத்தாசலத்துக்கு அப்படி வாய்த்தவர் ஆதிநாராயணன். ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற உத்தியோகம். அறுபத்தெட்டாம் வருஷம் திருச்சிக்குப் போன பாசஞ்சரில் அவருக்கு எதிர் பெஞ்சில் ஒரு விற்பனை வரி அதிகாரி உட்கார்ந்து வந்தார். அதுதான் அவர் படித்த படிப்பு. அந்த அதிகாரி அரியலூர் வரை தூங்கினார், அப்புறம் லால்குடி வரை வெள்ளரிக்காய் தின்றார். இருந்தால் என்ன? ஞானம் வருகிறவனுக்கு எப்படியும் வரும்.

அவர் கண்ணில் பட்டது பாஞ்சாலையின் பீங்கான் கடை. புருஷன் கால் முறிந்து வீட்டோடு கிடக்க, கோயிலுக்குப் போகிற சாலையில் கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று அவள் தனியாகப் பரப்பியிருந்தாள். மாசி மகத்துக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் இடத்தை எதிர்க்கடை தங்கதுரைக்கே விட்டுவிடுவேன் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். மாசி மகத்துக்குப் பத்தே நாள்.

"ஏம்மா, பில்லு போடறியா?" என்றார் ஆதிநாராயணன்.

"இல்லண்ணே. சரக்கக் குடுக்கறேன், காச வாங்கறேன்."

"ஐயையோ! திருவிழாவுக்கு ஆபீஸருங்க சுத்துவாங்க. கடையப் பூட்டி சீல் வெச்சுடுவாங்க!"

பூட்டு என்றதும் பாஞ்சாலை, "நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றுவிட்டாள். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் நடந்தது. கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் வந்தது. ஊதா மை ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. அடுக்குக்கு அடுக்கு கலர் சாக்பீஸில் சதவீதம் ஏறியது: கப்புக்கு ஒன்று, சாசருக்கு ஒன்று, கப்பும் சாசரும் சேர்ந்து போனால் வேறொன்று. பொம்மைகளில் சாமி தனி, ஆசாமி தனி. கிருஷ்ணர் புல்லாங்குழல் ஊதினால் சாமி. வெண்ணெய் தின்றால் குழந்தை, ஆகவே விளையாட்டுச் சாமான். அனுமார் விஷயத்தில் மட்டும் முடிவு சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

இத்தனையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாரா? பத்து நாள் லீவு போட்டுவிட்டு, கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூலி ஒரு பைசா வாங்கவில்லை. அதுதானே ஆபத்து! கூலிக்கு வந்தவனை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். சும்மா உழைக்கிறவனை என்ன சொல்லி அனுப்புவது?

முதல் வாடிக்கை கம்மாபுரத்துப் பூவாயி. ஒரு ஜாடியைத் தட்டிப் பார்த்து, "இது என்னா வெலம்மா?" என்றாள்.

பாஞ்சாலை வாயைத் திறப்பதற்குள் நிபுணர் பேனாவைத் திறந்துவிட்டார். "ஊறுகா போடவா, உப்பு போடவா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஊறுகான்னா சமையல் சாமான். உப்புன்னா சேமிப்புக் கலம். வரி மாறும்."

"மாங்கா கெடச்சா ஊறுகா. கெடைக்கலன்னா உப்பு."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்குது. பேரு சொல்லுங்க. எந்த ஊரு?"

"பூவாயி. கம்மாபுரம்."

"வூட்டுக்கா, வியாபாரத்துக்கா?"

"எம் பொண்ணப் பாக்க வந்தவங்ககூட இத்தினி கேள்வி கேக்கலய்யா! ஜாடி வாங்க வந்தனா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தனா?" பூவாயி ஜாடியை வைத்துவிட்டு நேரே எதிர்க்கடைக்கு நடந்தாள். தங்கதுரை ஒரு கேள்வியும் கேட்காமல் அதே மாதிரி ஜாடியை வைக்கோல் சுற்றிக் கொடுத்தார்.

மூன்று நாள் இதே கதை. எடுத்த ஜாடியை ஆதிநாராயணன் தலையில் போட்டுவிடலாமா என்று பாஞ்சாலைக்குக் கை பரபரத்தது. சீல் வைத்துவிடுவார்களே என்கிற பயம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. எதிரே தங்கதுரைக்கு நின்று பேச நேரமில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

நாலாம் நாள் தோல்பை வைத்திருந்த ஒருவர் வந்து அனுமாரை எடுத்தார்.

"அத மட்டும் தொடாதீங்க!" என்று பாய்ந்தார் ஆதிநாராயணன். "அது இன்னும் தீர்ப்பாகல."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"நான்தான்."

"அப்படியா? நான் விற்பனை வரி ஆபீஸுல இருந்து வரேன்," என்றார் வந்தவர்.

பாஞ்சாலை பதறி எழுந்து நின்றாள். வருஷத்துக்கு எவ்வளவு விற்கும் என்று அவர் கேட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "இந்த அளவு வியாபாரத்துக்கு வரியே கெடையாதும்மா," என்றார் அதிகாரி. "ஆனா பதிவு பண்ணாத கடையில வரின்னு சொல்லி ஒரு பைசா வாங்கியிருந்தாலும் தப்பு. பில் புத்தகத்த எடுங்க."

ஆதிநாராயணன் மேலே கூரையைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?" என்று உத்திரத்திடம் முறையிட்டார்.

அதிகாரி பக்கம் புரட்டினார். முதல் பில்லில் பூவாயி, கம்மாபுரம், அதோடு சரி. அடுத்ததில் பாதிப் பெயர். அதற்கடுத்ததில் தேதி மட்டும். வரிக் கட்டம் வரை தாக்குப்பிடித்த வாடிக்கைக்காரர் ஒருவர்கூட இல்லை.

"ஒண்ணுமே விக்கலையா?"

"எங்கங்க விக்கும்? இவரு எழுதி முடிக்கறதுக்குள்ள அவங்க அங்க வாங்கிக்கிட்டு வூடு போய்ச் சேந்துடறாங்க."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாங்காத வரிக்கு வழக்கு ஏதும்மா? இந்தப் புத்தகத்தத் தூக்கிப் போட்டுட்டு வியாபாரத்தப் பாருங்க," என்று சொல்லி, அனுமாருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். நாலு நாளில் அதுதான் முதல் வியாபாரம்.

"பாத்தியாம்மா!" ஆதிநாராயணன் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஏற்பாட்டுல ஆபீஸராலயே குத்தம் கண்டுபுடிக்க முடியல!"

பாஞ்சாலைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் திட்டவில்லை. எதிர்க்கடைக் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். குரலில் தேனை ஊற்றிக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்க அறிவுக்கு எங் கடை ரொம்பச் சின்னது. அங்க பாருங்க, எம்மாம் கூட்டம், எம்மாம் சரக்கு! பாவம், தங்கதுரைக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆளு இல்ல."

ஆதிநாராயணன் கண்ணில் கருணை பொங்கிற்று. பேனாவை எடுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, சாலையைக் கடந்தார். கால் மணி நேரத்தில் தங்கதுரை கடையிலிருந்து "ஊறுகா போடவா, உப்பு போடவா?" என்ற குரல் கேட்டது. அரை மணி நேரத்தில் கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. மாசி மகத்தன்று கட்டடக்காரர் வந்தபோது அவருக்கு உட்கார்ந்து பேசக்கூட இடமில்லை. ஆறு கப்பு வாங்கிக்கொண்டு, இடத்தைப் பற்றி வாயே திறக்காமல் போய்விட்டார்.

இதைப் படித்துக்கொண்டே உங்கள் தெருக்காரர் ஒருவரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், போன வாரம் ஒரு கடையில் நின்று நீங்கள் அரை மணி நேரம் நல்லது எடுத்துச் சொன்னபோது, கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "ஒங்கள மாதிரி வெவரம் தெரிஞ்சவங்க பக்கத்துக் கடைக்கும் ஒரு வார்த்த சொல்லணுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாரே, அதை நீங்கள் மரியாதை என்றுதானே நினைத்தீர்கள்?