இஞ்ச்டேப் பாய் அளந்த வைத்தியம்

உலகத்திலேயே வைத்தியத்தை இஞ்ச்டேப்பால் அளந்தவர் ஒருவர்தான். அவர் திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவில் இருக்கிறார். ஜிப்பா தைப்பவர். குளிக்கும்போதுகூட அவர் கழுத்தில் டேப் தொங்கும் என்பது தெருவின் நம்பிக்கை. இஞ்ச்டேப் பாய் என்று மட்டும் எழுதினாலும் தபால் சரியாகப் போய்ச் சேரும்.

பாய்க்குச் சர்க்கரை, நெஞ்சுப் படபடப்பு, கண்ணில் புரை, முழங்கால் வலி. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், முழங்காலுக்கு எரியோட்டில் ஒரு வைத்தியர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பது அபூர்வம். பாய் எல்லா மருந்துச் சீட்டுகளையும் வரிசையாக வைத்து மிஷினில் தைத்துவிட்டார். முந்தின சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்த டாக்டரின் சீட்டுக்குச் சிவப்பு நூல். கேட்காதவர் சீட்டுக்கு வெள்ளை. பிறகு டேப் வைத்து அளப்பார்.

"மொத்தத்துல மூணு இஞ்சு செவப்பு, ரெண்டு கெஜம் வெள்ள. என்னா தம்பி இது? ஒரே ஒடம்ப நாலு பேரு நாலு பீஸா வெட்டி வச்சிருக்காய்ங்க. சேத்துத் தைக்கிறது யாரு?"

என் வேலை, அவரை டாக்டர்களிடம் ஸ்கூட்டரில் கூட்டிப் போவதும், ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் தேதியும் கிழமையும் எழுதுவதும். டாக்டர்கள் போடும் தேதி புழு நெளிந்த மாதிரி இருக்கும். தேதி தெரியாத காகிதம் வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

மத்தியானக் காத்திருப்பு அறைகள் பாதி கனவு. மின்விசிறிக் காற்றில் பாயின் மடியிலிருந்து சீட்டுச் சுருள் மெல்ல அவிழ்ந்து, தூங்கி வழிகிறவர்களின் கால்களுக்கிடையே ஓடைபோல் போய்க்கொண்டிருக்கும். ஜன்னலில் சிறுமலை பாதி மலையாகவும் பாதி மேகமாகவும் நிற்கும். யாருடைய பையிலோ மல்லிகை மணக்கும். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதே தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

ஆடிக் காற்றில் பறந்த தகரம் ஒன்று பாயின் காலைக் கிழித்து, ஆறு தையல் விழுந்தது. அடுத்த வாரம் நர்ஸ் வந்து, "பாய், இன்னிக்குத் தையல் பிரிச்சிரலாம்" என்றார்.

பாய் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒத்த நூலத் தொடக் கூடாதும்மா! அம்புட்டும் டபுள் தையல்!"

"கால்ல பாய், கால்ல!"

"காலா? அத மொதல்லயே சொல்லணும்ல. கால என்னமும் பண்ணிக்க."

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் வேர்த்துக் கொட்டி மிஷின்மேல் சாய்ந்தார். மணி பதினொன்று பத்து. அந்த நேரத்திலும் பார்த்தேன், பழக்கம். ஆட்டோவில் அவர் தலை என் தோளில், சுருள் என் கக்கத்தில்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்டார். நான் சுருளைத் தரையில் உருட்டி விட்டேன். அவர் முழந்தாளிட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நகர்ந்துகொண்டே படித்தார்.

"இங்க பாருங்க. இந்தச் சர்க்கரை மாத்திரையும் அந்த மாத்திரையும் ஒண்ணுதான், பேருதான் வேற. ரெண்டு டாக்டர் எழுதியிருக்காங்க, இவர் ரெண்டையும் போட்டிருக்கார். செத்த நேரம் கழிச்சு வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அந்த இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே ஓடியது வெள்ளை நூல்.

பாய் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பிள்ள முழுசாவா படிச்சுச்சு?"

"ஒரு எழுத்து விடல பாய்."

"அப்ப செவப்பு நூல எடுத்து வையி தம்பி. வாரேன்."

வீடு திரும்பிய அன்று புதுச் சீட்டைச் சிவப்பில் தைத்துவிட்டு, வழக்கம்போல் அளக்க உட்கார்ந்தார். டேப் நூல் பக்கம் போகவில்லை. என் தேதிகள் இருந்த ஓரத்திலேயே ஊர்ந்து போனது.

"டாக்டரு மாறுறாக, மாத்தர மாறுது, நூலு மாறுது. இந்தக் கையெழுத்து மட்டும் தலப்புலருந்து கடேசி வரைக்கும் எங்கயும் விட்டுப்போகல."

எத்தனை இஞ்சு என்று சொல்லவில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் அவரைக் கூப்பிடப் போகும்போது, ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதற்கு முன்னால், சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.