கைலி அண்ணன் எடுத்த நம்பர்

ஈப்போவில் நாலு நம்பர் லாட்டரிக்கு ஒரே ஒரு பரம எதிரி இருந்தார் என்றால், அது எங்கள் கைலி அண்ணன்தான். மற்றவர்களெல்லாம் நம்பர் அடிக்காத வாரத்தில் மட்டும் எதிரிகள்.

எழுபதுகளின் கடைசியில் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்த நாங்கள் நான்கு இளவட்டங்கள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஐந்தாவது ஆள் அவர். எங்களுக்கெல்லாம் மூத்தவர், பலகை ஆலையில் வேலை, கட்டைப் பிரம்மச்சாரி.

ஒருநாள் கோப்பெங் சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்தது. டிரைவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஊரே ஓடி வந்தது. அவரைப் பார்க்க அல்ல, நம்பர் பலகையைப் பார்க்க. விபத்தான வண்டியின் நம்பரை எடுத்தால் அடிக்கும் என்பது எங்கள் பக்கத்து வேதம். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இடுப்பில் இருந்த கைலியை அவிழ்த்துப் பலகையை மூடிவிட்டு, அரைக்கால் டவுசரோடு காவலுக்கு நின்றார்.

"போங்கடா! லாரியே கவுந்து கெடக்கு. அதோட நம்பரு உங்கள தூக்கி விடுமா?"

பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது.

வீட்டிலும் அவர் சட்டம்தான். கனவில் நம்பர் வந்தால் கடைக்குப் போகக்கூடாது. அடுப்படிச் சுவரில் கரியால் எழுத வேண்டும். வாரக் கடைசியில் பத்திரிகையை வைத்து ஒப்பிடுவார்.

"பாத்தியா, அடிக்கல. அந்தக் காசுக்கு மீ கோரேங் சாப்பிடுலா!"

ஒரு வருடத்தில் சுவர் கறுத்ததுதான் மிச்சம். நாங்களும் ஏறக்குறைய திருந்திவிட்டோம்.

அப்போதுதான் என் கனவில் ஒரு வெள்ளாடு நெற்றியில் நம்பரோடு வந்தது. மோட்டார்சைக்கிள் வாங்கத் தவித்துக்கொண்டிருந்த நேரம். இருந்தும் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுவரில் எழுதினேன். அந்த வாரம் முதல் பரிசு அதே நம்பருக்கு.

"உங்களாலதாண்ணே எல்லாம் போச்சு!" என்று கத்தினேன். அன்றோடு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, டவுனில் நம்பர் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"ஒன் ஆட்டு நம்பர்தான்டா. இன்னொரு தடவ வந்துட்டா ஒனக்கு மோட்டார் வாங்கிப்புடலாம். மூணு வாரமா எடுக்குறேன். இந்த வாரம் கட்டாயம் வந்துரும்."

கட்டாயம் வந்துரும் என்று சொல்லிச் சொல்லியே அழிந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குக் கணக்குச் சொன்னவரே அவர்தான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கண்ணே, போலாம். எனக்கு மோட்டாரும் வேணாம், ஒன்னும் வேணாம்."

வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னோடு வந்துவிட்டார். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

பின்னாளில் வேலை மாறிக் கோலா கங்சார் பக்கம் போனார், தொடர்பு விட்டுப்போயிற்று. ஓவர்டைம் பார்த்து வாங்கிய மோட்டாரில் மூன்று தடவை போய், அங்குள்ள பலகை ஆலைகளில் எல்லாம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. நான் கத்திய ஒரு கத்தலுக்காகத் தன் கொள்கையையே விட்டு வெயிலில் நின்ற மனுஷன். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.