இடது பக்கம் திரும்பத் தெரியாத தேசிய அணி

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மகள் வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, அத்தான், தையற்கடை, அதிலுள்ள நாலு மெஷின்கள் எல்லாம் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் கடைக்கு வந்தவர்கள் முன்னால் கத்திவிடுவேன் என்று நீயே சொன்னதால் எழுதுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள். வாலு கடைசியாக வந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பதாவது நம் பிள்ளை. கடைசியாக வந்தால் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட்டுக் கடையில் உட்கார வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயே, அது இன்று முதல் அமலுக்கு வருகிறது. சந்தோஷமா?

குற்றம் அவள்மேல் இல்லை. என்மேலும் இல்லை. சரி, என்மேல் கொஞ்சம் இருக்கலாம். உலகப் போட்டிக்குச் சின்ன நாடுகள் தகுதிச் சுற்று இல்லாமல் ஒருவரை அனுப்பலாம் என்றதும் விளையாட்டுச் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "கோச்சுக்கு லைசென்ஸ் இருக்கணுமே, உங்ககிட்ட இருக்கா?" என்றார். "பதினெட்டு வருஷமா இருக்கு சார்" என்றேன். எதற்கான லைசென்ஸ் என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரான நான் இப்படித்தான் தேசியப் பயிற்சியாளர், டாக்டர், கொடி பிடிக்கிறவர் எல்லாம் ஆனேன். தொடக்க அணிவகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் நூறு, இருநூறு பேராகப் போனார்கள். நாங்கள் இரண்டு பேர். நம் நாட்டின் பெயரை அறிவித்து முடிப்பதற்குள் கடந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் காற்றில் கொடி என் மூஞ்சியைச் சுற்றிக்கொள்ள, கண் தெரியாமல் நடந்து முன்னால் போன நாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, அவர்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய பத்திரிகையில் வந்திருக்கிறது. நடுவில் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான்.

அதெல்லாம் போகட்டும். உண்மையான கூத்து மறுநாள் காலைப் பயிற்சியில். நம் ஊரில் ஓடுவதற்கு இருக்கிற ஒரே மைதானத்தில்தான் என் மாணவர்களும் கார் பழகுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். கார்கள் இடப்பக்கமாகச் சுற்றும். பின்னாலிருந்து வந்து இடிக்கிற காரைவிட எதிரே வருகிற காரைப் பார்த்து ஒதுங்கிவிடலாம் என்று வாலுவை வலப்பக்கமாகச் சுற்றவைத்தவன் நான். ஏழு வருஷம்! இங்கே பார்த்தால் உலகமே இடப்பக்கமாகச் சுற்றுகிறது. இது எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். டி.வி.யில் பார்த்திருக்கிறேன் அக்கா, கேமராவை அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாலு தன் பாட்டுக்கு வலப்பக்கம் கிளம்ப, எதிரே பதினைந்து பேர் வந்தார்கள். அவளா அசருவாள்? கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஒதுங்குவதுபோல ஒவ்வொருவருக்கும் அழகாக ஒதுங்கி முழுச் சுற்றும் முடித்தாள். ஒரு கோச் என்னிடம் வந்து, இது என்ன புதுவகைப் பயிற்சி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

மூன்று நாளில் இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடிந்தவரை கத்தினேன். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகவே பிரேக் மிதித்தது. ஓடும்போது வளைவு வந்தால் வண்டி வெளியே இழுப்பதுபோல நாலாவது ஓடுதடத்துக்குப் போய்விடுகிறாள். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டிக்குப் போனால், துப்பாக்கி வெடித்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். நம் பிள்ளை நின்று திரும்பிப் பார்க்கிறாள்! நாம் எப்போதும் கார் ஹாரன் அடித்துத்தானே ஓட்டத்தைத் தொடங்குவோம்? "டயர் வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன் மாமா" என்றாள் பிறகு. "ஓடுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையில் ஒருவர் காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

ஓடினாள் அக்கா. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். எட்டுப் பேரும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது இவளுக்கு இன்னும் அரைச் சுற்று பாக்கி. ஒரு மனுஷி தனியாக, அவ்வளவு பெரிய அரங்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, முதலாவதாக வருகிறவள் மாதிரியே ஓடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். "கடையில எந்த மெஷின் மாமா எனக்கு?" என்றாள். என்ன செய்வது, சத்தியம் சத்தியம்தான். நீ சொன்னதே சரி, நமக்கெல்லாம் எதற்கு இந்த ஓட்டம்? ஜன்னலோரத்து மெஷினையாவது அவளுக்குக் கொடு. வந்ததும் அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், பிள்ளை ஒன்பதாவது என்று மட்டும் சொல், எத்தனை பேரில் என்று சொல்லாதே. உன் கை ஊசியில் குத்தாமல், மனசு நோகாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்றால் தாள் தீர்ந்துவிட்டது. இப்போதுதான் போட்டி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஒரு தாளோடு வந்து கையெழுத்துக் கேட்டாள். கடைசியாக வந்ததற்குமா கையெழுத்து என்று எரிச்சலோடு வாங்கினேன். வாலு நம் நாட்டின் பெண்கள் சாதனையை ஒன்பது வினாடி வித்தியாசத்தில் முறியடித்துவிட்டாளாம். கீழே பழைய சாதனைக்காரியின் பெயர், இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. வாலு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். "மாமா, இது அம்மா பேரு. தாத்தா இனிஷியல்." யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நீ சொன்னதை இத்தனை வருஷம் காப்பாற்றினேன், ஒரு தாள் கவிழ்த்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

"அன்னைக்கு அம்மா எத்தனாவது?" என்றாள்.

"கடைசி."

"அப்புறம்?"

"அப்புறம் உங்கம்மா ஓடல."

வாலு கழற்றிய ஷூவை எடுத்து மறுபடியும் மாட்டினாள். "அம்மா நிறுத்தினதாலதான் இது இருபத்தாறு வருஷம் அப்படியே கெடந்திருக்கு. நானும் நிறுத்தினா இன்னும் எத்தனை வருஷம் கெடக்கும் மாமா?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால், அக்கா, நாங்கள் வந்ததும் அவளிடமே சொல்லிக்கொள். எனக்கு இப்போது நேரமில்லை, கீழே மைதானத்தில் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள், நான் போய் வாட்ச் பார்க்க வேண்டும்.